புள்ளித்தாளை மூடிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்

குறும்படங்களுக்கு நடுவராக உட்கார வேண்டிய கல்முனைக் கரையோர இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கச்சிமாருக்கு,



மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை இந்தக் கரையில் கையில் போன் உள்ள பிள்ளைகள் பலரும் இப்போது குறும்படம் எடுத்துப் பார்க்கிறீர்கள். பாடசாலை ஊடகக் கழகம் எடுக்கிறது, விளையாட்டுக் கழகம் எடுக்கிறது, ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். எடுக்கிறவருக்கு வயது பதினேழு, மிஞ்சினால் இருபத்திரண்டு. எந்தப் படம் நல்ல படம் என்று தீர்ப்புச் சொல்கிற மேசையில் இருப்பவர்களோ பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அந்த மேசையில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய பிறகு அதில் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த மடல் அதற்காகத்தான்.

எங்கள் பகுதியில் தீர்ப்புச் சொல்வது எந்தக் காலத்திலும் மூத்தவர்களின் வேலை. குடிக்கு ஒரு மரைக்காயர் என்று பள்ளிவாசலில் கூடி ஊர்ப் பிணக்கைத் தீர்த்தார்கள். 1988 இன் சட்டத்தோடு வந்த மத்தியஸ்த சபையிலும் தலை நரைத்தவர்களையே அதிகம் காண்கிறோம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேலிப் பிணக்கைத் தீர்க்க வேண்டுமானால் நாற்பது வருடத்துக்கு முன் அந்த வேலி எங்கே நின்றது என்று தெரிந்த ஆள் வேண்டும். படம் அப்படிப்பட்டதல்ல. உங்கள் வயதுக்காரர் ஒருவர் உங்கள் வயதுக்காரருக்காக எடுத்த ஏழு நிமிடப் படத்தில் எது உண்மை, எது பாவனை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் மேடைக்குப் புதியவர்களும் அல்ல. தமிழ்மொழித் தினப் போட்டி, மீலாத் விழாப் போட்டி, கிராஅத், பேச்சு, நாடகம். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறி இறங்கியிருக்கிறீர்கள். முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை எத்தனை முறை மற்றவர் உங்களுக்குப் புள்ளி போட்டிருப்பார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒருமுறையாவது நீங்கள் இன்னொருவருக்குப் புள்ளி போட்டு, ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று நாலு பேர் முன்னிலையில் விளக்கியதுண்டா? உங்கள் படிப்பில் விழுந்திருக்கிற பெரிய ஓட்டை அது என்று நினைக்கிறேன். கமராப் பயிற்சிப் பட்டறை இன்னும் நாலு வைப்பதைவிட, ஒரு நடுவர் குழுவில் மூன்று நாள் இருந்து வாதாடுவது உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இது புதுமையான யோசனையும் இல்லை. இத்தாலியின் தெற்கே சலேர்னோ நகரத்துக்குப் பக்கத்தில் ஜிஃபோனி வாலே பியானா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜனத்தொகை பன்னிரண்டாயிரம் அளவில். ஹேசல் கொட்டைக்குப் பேர் போன ஊரே தவிர, சினிமாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. 1971 இல் அந்த ஊர் இளைஞர் கிளாவ்தியோ குபித்தோசி அங்கே சிறுவர் திரைப்பட விழா ஒன்றைத் தொடங்கினார். அதில் பரிசு யாருக்கு என்று சொல்வது பிள்ளைகள். ஆறு வயதுக்காரருக்கு ஒரு பிரிவு, பத்து வயதுக்கு ஒன்று, பதின்மூன்றுக்கு, பதினாறுக்கு, பதினெட்டுக்கு என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். படம் முடிந்ததும் எடுத்தவரை நேரே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். பிரான்சின் பெரிய இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1982 இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, விழாக்களிலெல்லாம் மிகவும் தேவையான விழா இதுதான் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பல நாடுகளிலிருந்து நடுவர்களாக அந்தச் சின்ன ஊருக்குப் போகிறார்கள். சாய்ந்தமருதோ நிந்தவூரோ இப்படி ஒன்றைச் செய்ய மிகச் சிறிய ஊர் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பெர்லின் திரைப்பட விழாவில் 1978 முதல் சிறுவர் படங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் பிள்ளைகள் கொண்ட குழு ஒன்றும், பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட குழு ஒன்றும் முழுநீளப் படத்துக்கும் குறும்படத்துக்கும் பளிங்குக் கரடி விருது கொடுக்கின்றன. எனக்குப் பிடித்தது அவர்களைத் தெரிவு செய்கிற முறைதான். முந்தின வருடம் படம் பார்க்க வந்த பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். பார்த்ததைப் பற்றி யார் யோசித்து எழுதியிருக்கிறார்களோ அவர்கள் அடுத்த வருடம் நடுவர்கள். அதிபரின் சிபாரிசும் வேண்டாம், வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருக்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் இதைச் செய்ய ஒரு கட்டுத் தாளும் சில பேனாக்களும் போதும். பிள்ளைகளை எழுத வைப்பதும் கடினமல்ல: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 இல் தொடங்கிய சிறார் திரைப்படத் திட்டத்தில் பிள்ளைகள் பார்த்த படத்துக்கு விமர்சனம் எழுதினார்கள். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த படி நடுவர் நாற்காலி.

இனி நாற்காலி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் கையில் ஒரு புள்ளித்தாள் தருவார்கள். கதைக்கு 30, ஒளிப்பதிவுக்கு 20, நடிப்புக்கு 20, சமூகத்துக்கான செய்திக்கு 30 என்று கட்டம் கட்டியிருக்கும். நடுவர்கள் மூன்று பேரும் மூன்று மேசையில் இருந்து ஒருவரோடொருவர் பேசாமல் நிரப்புவீர்கள். யாரோ வந்து தாளை வாங்கிக்கொண்டு போய்க் கூட்டுவார்கள். ஒலிவாங்கியில் முடிவு வரும். இந்த முறையில் வருகிற அநியாயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படத்துக்கு இரண்டு நடுவர்கள் மயங்கிப்போய் 90, 85 போடுகிறார்கள். மூன்றாமவருக்கு அது விளங்கவில்லை, 35 போடுகிறார். மொத்தம் 210. இன்னொரு படத்துக்கு மூவரும் ஆளுக்கு 71 போடுகிறார்கள். மொத்தம் 213. யாருடைய நெஞ்சையும் தொடாத இரண்டாவது படம் முதற்பரிசு வாங்கிக்கொண்டு போய்விடும். அந்த 35 போட்டவரிடம் மற்ற இருவரும் பத்து நிமிடம் பேசியிருந்தால் அவர் மனம் மாறியிருக்கலாம். அல்லது அவர் ஒன்றைக் கவனித்திருக்கலாம், அதைக் கேட்டு அந்த இருவரின் மனம் மாறியிருக்கலாம். எது நடந்தாலும் அந்தப் பரிசுக்குப் பின்னால் ஒரு பேச்சு இருந்திருக்கும்.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: எங்களுக்குப் புள்ளித்தாள் வேண்டாம், ஒரு அறையும் இரண்டு மணித்தியாலமும் தாருங்கள். படங்களை ஒன்றாக இருந்து, இருட்டில், பெரிய திரையில் பாருங்கள். இணைப்பை அனுப்பிவிடுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லாதீர்கள். வீட்டில் பார்த்தால் நடுவில் நிறுத்துவீர்கள், இழுத்து விட்டுப் பார்ப்பீர்கள், உம்மா கூப்பிடுவார். முதல் அரை நிமிடத்திலேயே பிடிக்காமல் போன படத்தையும் கடைசி எழுத்து ஓடி முடியும் வரை பார்க்க வேண்டியது நடுவர் எடுத்தவருக்குச் செய்கிற முதல் மரியாதை. ஒவ்வொரு படமும் முடிந்த கையோடு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். பத்தாவது படம் பார்க்கும்போது முதலாவது படம் மறந்துபோகும். கடைசியாகப் பார்த்த படத்துக்கே பரிசு போவது அப்படித்தான். பேசும்போது அதிகம் படித்தவர், குரல் கூடியவர் முதலில் பேசக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். வயதில் இளையவர் தொடங்கட்டும்.

அடுத்தது எங்கள் கரையின் குறும்படங்களைப் பிடித்திருக்கிற நோய். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் சொல்கிற முதல் சொல் “நல்ல கருத்து” என்பது. ஐஸ் போதையைப் பற்றி ஒரு படம். தம்பி ஒருவன் கூடாத கூட்டாளிகளோடு சேர்கிறான், கெடுகிறான், உம்மா தொழுகைப் பாயில் இருந்து அழுகிறார், பின்னணியில் உருக்கமான நஷீத், கடைசி இரண்டு நிமிடம் ஒரு பெரியவர் கமராவைப் பார்த்து உபதேசம் செய்கிறார். இந்தக் கரையில் போதை எத்தனை வீட்டைத் தின்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்த விடயத்தை எடுத்ததற்காக அந்தப் பிள்ளைகளை மெச்ச வேண்டும். பரிசு வேறு விடயம். அந்தத் தம்பி ஏன் போனான் என்று படத்துக்குத் தெரியுமா? அவன் சிரிக்கிற மாதிரி ஒரு காட்சியாவது இருக்கிறதா? வாப்பா கட்டாரிலிருந்து போன் எடுக்கும்போது அவன் என்ன பொய் சொல்கிறான்? அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவன் கை என்ன செய்கிறது? இதையெல்லாம் காட்டிய படம் உபதேசமே இல்லாமல் முடிந்தாலும் பார்த்த பிள்ளையை வீடு வரைக்கும் துரத்தும். கருத்து நல்லது என்பதற்காக மோசமான படத்துக்குப் பரிசு கொடுத்தீர்களானால், அடுத்த வருடம் அதே படம் வேறு முகங்களோடு பத்தாக வரும். சீதனத்துக்கு ஒன்று, வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாய்ப் போன உம்மாவுக்கு ஒன்று, ஒலுவில் கடலரிப்புக்கு ஒன்று.

நல்ல நடுவராகப் பழகுவதற்குச் சத்யஜித் ராய் 1964 இல் எடுத்த ‘டூ’ என்ற குறும்படத்தைச் சேர்ந்திருந்து பாருங்கள். பன்னிரண்டு நிமிடம் அளவில்தான். வசனம் ஒன்றுகூட இல்லை. பெரிய வீட்டுப் பையன் ஒருவன் மாடி யன்னலில். கீழே குடிசைக்குப் பக்கத்தில் ஏழைப் பையன் புல்லாங்குழல் ஊதுகிறான். மேலே இருப்பவன் விளையாட்டு ஊதுகுழலை எடுத்து ஊதி அவனை அடக்குகிறான். கீழே இருப்பவன் மேளம் கொண்டுவந்து அடிக்கிறான். மேலே இருப்பவன் தானாக மேளம் அடிக்கிற பொம்மைக் குரங்கைக் காட்டுகிறான். பிறகு கீழே இருப்பவன் பட்டம் விடுகிறான். அதற்குப் போட்டியாக மாடியில் ஒன்றுமில்லை. கவண் எடுக்கிறான், சரிவரவில்லை. காற்றுத் துப்பாக்கியை எடுத்துப் பட்டத்தைச் சுட்டு விழுத்துகிறான். வென்றுவிட்டு உள்ளே வந்து எல்லாப் பொம்மைகளையும் ஒன்றாக முடுக்கிவிடுகிறான். அந்த இரைச்சலுக்கு நடுவில் மறுபடியும் புல்லாங்குழல் கேட்கிறது. நடக்கிற இயந்திரப் பொம்மை அவன் கட்டிய கோபுரத்தில் முட்டிச் சரிக்கிறது. ஒருவரும் வாய் திறக்காமல் இத்தனையும் எப்படி உங்களுக்கு விளங்கியது? எந்த இடத்தில் கமரா மேலிருந்து பார்க்கிறது, எந்த இடத்தில் ஒலி கதை சொல்கிறது? இதைப் பற்றி ஒரு மணித்தியாலம் சண்டை பிடியுங்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் படங்களைப் பார்த்தால் உங்கள் கண் வேறு கண்ணாக இருக்கும்.

இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கண் வேண்டும் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றும் சொல்ல வேண்டும். நாங்கள் கமராவால் நிறையப் பார்க்கப்பட்ட மக்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து இலங்கையிலேயே அதிகம் உயிரிழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுகக் கமராக்கள் வந்தன. அழுகிற முகத்தை எடுத்தன, போயின. பிறகு 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தன. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் சந்தேகநபர்கள் ஒளிந்திருந்த வீடு வெடித்தபோது கமராக்கள் மறுபடியும் வந்தன. ஊர்ச் சனங்களே சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தார்கள் என்பதை எத்தனை தொலைக்காட்சி சொன்னது? உங்கள் தாத்தாமார், அதாவது மூத்த சகோதரிமார், போட்டிருந்த உடுப்பைத்தான் தேடித் தேடிப் படம் பிடித்தார்கள். உங்களில் அநேகர் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். அதை நீங்கள் பார்த்ததே படமாகத்தான். ஆகவே சுனாமியைப் பற்றி ஒரு குறும்படம் போட்டிக்கு வந்து, பழைய செய்திக் காட்சிகளை ஒட்டி மேலே சோக இசை போட்டிருந்தால், “இது எங்கள் மௌத்தானவர்களைப் பாவித்திருக்கிறது, அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சபை முழுக்க அழுதிருந்தாலும் சொல்லுங்கள். அழ வைப்பது சுலபம்.

தங்கச்சிமாருக்கு இதைத் தனியாக எழுதுகிறேன். எடுக்கிற படங்களில் உங்களை நடிக்கக் கூப்பிடவே வீட்டில் ஆயிரம் யோசனை. நடுவராக இருக்க நடிக்க வேண்டியதில்லை, படத்தில் முகம் வர வேண்டியதில்லை. அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடிகிற மாதிரித் திரையிடலை வைக்கச் சொல்லலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரலாம். குழுவில் பாதி நீங்களாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். 1951 இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி பெண் ஒருவர் காழி நீதிபதியாக இருக்க முடியாது. தன் வாழ்க்கையைப் பற்றிய வழக்கிலேயே தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் ஒரு பெண்ணைக் காணாமல் வளர்கிறீர்கள். குறும்படப் போட்டி சின்ன விடயம்தான். ஆனாலும் பதினெட்டு வயதுப் பிள்ளை எழும்பி நின்று “எங்கள் முடிவு இது, காரணம் இது” என்று வாசிப்பதைச் சபையில் இருக்கிற ஒன்பது வயதுத் தங்கச்சி பார்ப்பாள்.

குழுவை யார் யார் என்று அமைக்கும்போது ஒரு ஊருக்குள் நின்றுவிடாதீர்கள். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையிலேயே உள்ளூராட்சி சபையைப் பிரிக்கும் கோரிக்கையால் வந்த மனக்கசப்பு உண்டு. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே டியூட்டரி வாங்கில் இருந்து, ஒருவர் வீட்டுக் கதை மற்றவருக்குத் தெரியாமல் திரும்பி வருகிறீர்கள். பாண்டிருப்பிலிருந்து ஒருவர், காரைதீவிலிருந்து ஒருவர், அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், முடியுமானால் அம்பாறை நகரத்துச் சிங்களப் பிள்ளை ஒருவர் வரட்டும். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு குறும்படத்தில் உங்களுக்குச் சாதாரணமாகப் பட்ட ஒரு வசனம் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் நோகிறது என்று அந்த அறையில்தான் தெரிய வரும். அதைக் கேட்டு உங்கள் தீர்ப்பு மாறினால் அது தோல்வி ஆகாது. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசச் சினிமா விழா நடக்கிறது. அநோமா ராஜகருணா என்ற சிங்களக் கலைஞர்தான் அதை முன்னின்று நடத்துபவர். போர் தின்ற நகரத்தில் அது நடக்குமென்றால் கல்முனையில் ஐந்து பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி இருப்பது பெரிய காரியமா?

எங்கள் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். போட்டிக்கு வந்த படத்தை உங்கள் மாமி மகன் எடுத்திருப்பான், அல்லது வாப்பாவின் கடையில் அவன் வேலை செய்வான். அப்படி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு, அந்தப் படத்தைப் பேசும்போது அறையை விட்டு வெளியே போய் நில்லுங்கள். மறைத்து வைத்து ஞாயமாக நடந்தாலும் ஊர் நம்பாது.

சினிமாவே கூடாது என்று நினைக்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்யாதீர்கள், அவர்களில் உங்கள் உஸ்தாதும் மூத்தவாப்பாவும் இருக்கலாம். அவர்களுடைய பயம், பிள்ளைகள் கண்ணில் படுகிறதையெல்லாம் விழுங்குகிறார்களே என்பது. எல்லாப் பிள்ளையின் கையிலும் திரை இருக்கிற காலத்தில் பார்க்காதே என்று சொல்லி இனி நடக்காது. ஒரு படத்தை நிறுத்தி, இது என்னை எங்கே தள்ளுகிறது, இந்தக் கண்ணீர் எந்தக் கணக்கில் வாங்கப்படுகிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளையைப் பற்றி அவர்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. முடிந்தால் அவர்களையும் ஒருநாள் உங்கள் விவாதத்தைக் கேட்க அழையுங்கள்.

கடைசியாக, முடிவை எழுதுங்கள். வென்றவரின் பேரை மட்டும் வாசித்துவிட்டுப் பொன்னாடைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு பரிசுக்கும் ஏழெட்டு வரியில் காரணம் எழுதிக் குழுவில் எல்லாரும் கையொப்பம் வையுங்கள். “சிறந்த ஒளிப்பதிவு, மிகவும் அருமை” என்றால் அது காரணம் ஆகாது. “மீன்வாடியில் உம்மா காத்திருக்கும் காட்சியில் கமரா ஒருமுறைகூட அவருடைய முகத்துக்குப் போகவில்லை, கையில் இருந்த தூக்குச் சட்டியிலேயே நின்றது, எங்களுக்கு அது போதுமாயிருந்தது” என்று எழுதினால் எடுத்தவருக்கும் விளங்கும், எடுக்கப் போகிறவருக்கும் விளங்கும். ஒருவர் உடன்படவில்லை என்றால் அவருடைய மறுப்பையும் கீழே இரண்டு வரியில் சேருங்கள்.

பரிசு கிடைக்காத பிள்ளை ஒருவர் உங்களைத் தேடி வருவார். பிளேன்டிக் கடையில், பஸ் தரிப்பில், டியூஷன் முடிகிற நேரத்தில். “என்ட படத்தில என்ன குறை?” என்று கேட்பார். ஓடி ஒளியாதீர்கள். “மத்தவங்கதான் அப்படிச் சொன்னாங்க” என்று கையைக் கழுவாதீர்கள். உங்கள் கொப்பியைத் திறந்து அவருடைய படத்துக்கு எழுதிய இரண்டு வரியைக் காட்டுங்கள். அவர் மறுத்துப் பேசினால் முழுவதும் பேச விடுங்கள். நன்றாகப் பேசுகிறவராக இருந்தால் அடுத்த வருடக் குழுவுக்கு அவருடைய பேரைக் கொடுங்கள்.

அன்புடனும் துஆவுடனும்,
உங்கள் கரையோர ஆசிரியன் ஒருவன்